காலைப் பார்த்துக் கதிரை வாங்கு

மோட்டார் சைக்கிளின் பின்னால் மடிப்புக் கதிரையைக் கட்டிக்கொண்டு வன்னிக்குள் ஓடினால் யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். "என்ன தம்பி, கலியாண வீட்டுக்கோ?" என்பது வழக்கமான பகிடி. மாங்குளத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். "இவ்வளவு தூரமும் இருந்துகொண்டுதானே வந்தனீர், இறங்கினாப் பிறகும் இருக்கோணுமோ?"

பகிடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது நல்ல கேள்வி. மோட்டார் சைக்கிளில் இருப்பது ஓய்வு இல்லை, வேலை. முழங்கால் மணிக்கணக்கில் ஒரே மடிப்பில் நிற்கிறது. சாய ஒன்றும் இல்லாததால் காற்றையும் குழியையும் முதுகுத் தசைகளே தாங்க வேண்டியிருக்கிறது. எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாக விரல்களுக்கும், இருக்கை வழியாக நாரிக்கும் ஏறுகிறது. வவுனியாவில் புறப்பட்டவனுக்குப் பரந்தனில் நாரி பிடித்துக்கொண்டால் அதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இறங்கியவுடன் முதலில் செய்ய வேண்டியது நடப்பது. கொஞ்சத் தூரம் நடந்து, காலை உதறி, இரத்தத்தை ஓடவிட்ட பிறகுதான் இருக்க வேண்டும். அப்போதும் வண்டியில் இருந்த அதே மடிப்பில், முதுகு சாயாமல், ஒரு கல்லில் போய்க் குந்தினால் நாரிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உடம்பு வேறு ஒரு நிலைக்குப் போக வேண்டும். கதிரை கட்டிக்கொண்டு போவது அதற்காகத்தான்.

ஏ9 வீதியில் மட்டும் போய் வருகிறவருக்கு இது தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி என்று வழி நெடுகக் கடைகள் இருக்கின்றன, கடைகளில் வாங்கு இருக்கிறது. முறிகண்டியில் எப்படியும் நிற்கத்தான் போகிறோம். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, நிழலில் இருந்து உடைத்துத் தின்றுவிட்டுக் கிளம்பலாம். இருப்பதற்கு இடம் தேட வேண்டி வருவது மற்ற வீதிகளில்தான். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து மன்னாருக்குப் பூநகரி வழியாக நேரே போக முடிகிறது. அந்த ஏ32 வீதியில் முழங்காவில், வெள்ளாங்குளம், விடத்தல்தீவு என்று ஊர்கள் வரும். ஊருக்கும் ஊருக்கும் இடையில் பற்றைக்காடும் வெயிலும்தான். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏறத்தாழ 50 கிலோமீற்றரும், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுப் பாதைகளும், இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளக்கட்டுகளும் அப்படியானவை. இருக்க ஆசை வரும் இடங்களில் எல்லாம் இருக்கை இருக்காது.

இனிக் கதிரைக்கு வருவோம். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். துணி எப்படி, நிறம் என்ன, போத்தல் வைக்கப் பை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நான் சொல்வது, குனிந்து அதன் காலைப் பாருங்கள். கதிரை வசதியா இல்லையா என்பதைக் கடையின் மாபிள் தரை சொல்லாது, வன்னி மண்தான் சொல்லும். வன்னி மண்ணும் ஒரே மண் இல்லை. அளம்பில், நாயாறு கரைகளில் கால் வைத்தால் இறங்கும் மணல். உள்ளே வந்தால் கிறவல். அதில் எதுவும் புதையாது, ஆனால் உருண்டைக் கற்களில் கால் வழுக்கும். வற்றிய குளத்தின் ஓரத்தில் மேலே காய்ந்து வெடித்து உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் களி. மாரி தொடங்கிவிட்டால் செம்மண்ணும் சேறு. ஆழமறியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் கதிரையை நினைத்துச் சொல்லவில்லைதான், ஆனாலும் அச்சொட்டாகப் பொருந்துகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள் 80 கிலோ. கதிரைக் காலின் நுனி இரண்டரை சென்ரிமீற்றர் விட்டம் என்றால், ஒரு நுனியின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்ரிமீற்றர். நான்குக்கும் சேர்த்து 20. அப்படியென்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 4 கிலோ இறங்குகிறது. அதே ஆள் செருப்போடு நின்றால் இரண்டு பாதத்துக்கும் சேர்த்து 300 சதுர சென்ரிமீற்றர் அளவு வரும். அங்கே கால் கிலோவுக்குச் சற்று மேல்தான். ஆளை நடக்கவிடும் மணல் கதிரையை விழுங்குவதற்குக் காரணம் இந்தப் பதினைந்து மடங்கு. அதுவும் எல்லாக் காலிலும் சமமாகப் பாரம் இருந்தால்தான். சாய்ந்தவுடன் பாரம் பின்னங்கால் இரண்டுக்கும் போகிறது, அவை புதைகின்றன, புதையப் புதைய இன்னும் சாய்கிறோம். கடைசியில் வானத்தைப் பார்த்தபடி கிடப்போம். நாயாற்றுக் கரையில் மீன்பிடிக்காரப் பொடியள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அதற்குத்தான்.

இப்போது பயணக்காரர் அதிகம் வாங்குவது அலுமினியத் தடிகளில் துணியைக் கொளுவும் தாழ்ந்த கதிரை. கொரிய நிறுவனமான ஹெலினொக்ஸ் செய்யும் 'செயர் வன்' இந்த வகையில் பேர்போனது. கூடாரத் தடிகள் செய்வதில் பெயர் எடுத்த டிஏசி அதன் சகோதர நிறுவனம் என்பதால் தடிகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 145 கிலோ தாங்கும் என்கிறார்கள். விலை அமெரிக்காவிலேயே 100 டொலருக்கு மேல். இங்கே ஒன்லைனில் எங்கள் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த மலிவான வகைகள். வடிவம் ஒன்றுதான். பைக்குள் இருந்து எடுத்துத் தடிக் கட்டை உதறினால், உள்ளே ஓடும் இழுவை நூல் துண்டுகளைத் தானாகவே ஒன்றுக்குள் ஒன்று இழுத்துப் பூட்டும். பிறகு துணியின் நான்கு மூலைகளிலும் உள்ள பைகளுக்குள் தடி நுனிகளைக் கொளுவ வேண்டும். மூன்று மூலைகள் இலகுவாகப் போகும். நாலாவதற்குத்தான் முழங்காலைக் கொடுத்து இழுக்க வேண்டும்.

இதில் உயிர் இருப்பது தடியில் இல்லை, தடிகள் எல்லாம் வந்து சேரும் நடு மூட்டில். அது பிளாஸ்ரிக். மலிவுக் கதிரைகள் முதலில் வெடிப்பது அங்கேதான். வாங்கும்போது அந்த மூட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். வார்ப்பில் ஓரம் பிசிறாக இருந்தாலோ, தடி போகும் துவாரத்தைச் சுற்றிச் சுவர் மெல்லியதாக இருந்தாலோ வேண்டாம். அடுத்தது மூலைப் பைகள். துணியை இரண்டு மடிப்பாக வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருக்க வேண்டும். ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் ஒரு கோடையைத் தாண்டாது. என்னுடையதில் ஒரு மூலை பிய்ந்தபோது முல்லைத்தீவில் வலை பொத்தும் ஒருவர் நைலோன் வலை நூலால் பிடித்துத் தந்தார். கதிரையின் மற்ற எல்லா இடத்தையும்விட இன்றைக்கு அந்த மூலைதான் உறுதி.

"150 கிலோ தாங்கும்" என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும். அதை நம்பித் தொப்பென்று விழக்கூடாது. பாரத்தை மெதுவாக வைப்பதும் திடீரென்று போடுவதும் ஒன்றில்லை. திடீரென்று விழும் பாரம் குறைந்தது இரண்டு மடங்காக இறங்கும் என்பது பொறியியலின் ஆரம்பப் பாடம். களைத்து வந்து தொப்பென்று விழும் 80 கிலோ ஆள், கதிரைக்குக் குறைந்தது 160 கிலோ. அதனால் எடையைவிட இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குவதே புத்தி.

மணலில் புதையும் பிரச்சினைக்குக் கம்பனிகளே வழி வைத்திருக்கிறார்கள். உருண்டைக் கால் விற்கிறார்கள், நான்கு காலையும் பிடிக்கும் அடித்துணி விற்கிறார்கள். இரண்டும் நல்ல யோசனை, விலைதான் கதிரையில் பாதிக்கு வந்துவிடும். ரெனிஸ் பந்தில் துளை போட்டுக் காலில் மாட்டுவது உலகம் முழுக்கச் செய்யும் வேலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிப் பிய்த்துப்போட்ட பந்துகள் அதற்குப் போதும். ஆனால் எனக்குப் பிடித்தது உரப்பை. யூரியா வந்த வெறும் பையைப் பிரித்து, கதிரைக் கால்களின் அகலத்துக்கு வெட்டி, நான்கு மூலையிலும் சின்னப் பை வைத்துத் தையற்காரரிடம் அடித்துக்கொண்டேன். கால்கள் அந்தப் பைகளுக்குள் போய்விடும். உரப்பை இழுபட்டு நிற்பதால் கால்கள் விரியவும் முடியாது, புதையவும் முடியாது. பாரம் முழுப் பைக்கும் பரவுகிறது. ஈரமானால் உதறிவிட்டுச் சுருட்டலாம், கிழிந்தால் இன்னொரு பைக்குப் பஞ்சமில்லை. அவசரத்துக்குச் சிரட்டையும் உதவும். பாதிச் சிரட்டையை வாய் மேலே பார்க்க மணலில் அழுத்தி, அதற்குள் காலை வைத்தால் நிற்கும். நான்கு சிரட்டையைக் காவிக்கொண்டு திரிய வேண்டியதில்லை, கரையோர ஊர்களில் எந்த வேலியடியிலும் கிடக்கும்.

காற்று இன்னொரு விஷயம். சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றை நம்பித்தான் தம்பபவனி என்று 30 காற்றாலைகளை மன்னார்த் தீவின் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு கிலோக் கதிரை அங்கே ஆள் இருக்கும்வரைதான் கதிரை. எழும்பினால் பட்டம். வங்காலைப் பக்கம் மாரியில் பூநாரைகள் வந்து நிற்பதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தத் தாழ்ந்த கதிரை மிகவும் நல்லது. முழங்கையை முழங்காலில் ஊன்றித் தொலைநோக்கியைப் பிடிக்கலாம், பறவையும் மிரளாது. எழும்பும்போது மட்டும் ஹெல்மெற்றைக் கதிரைக்குள் வைத்துவிட்டு எழும்புங்கள்.

இதன் பெரிய குறை உயரம். இருக்கும் இடம் தரையில் இருந்து ஒரு அடிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். சாய்ந்து காலை நீட்டினால் சொர்க்கம். நீட்ட இடமில்லாத இடத்தில் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். வண்டியில் மடிந்த முழங்காலை இன்னும் மடக்க இவ்வளவு செலவு எதற்கு? எழும்புவதும் வேலை. முழங்கால் நோவுள்ளவர்கள் கையை ஊன்றிப் புரண்டுதான் எழும்ப வேண்டும். அதனால் இந்தக் கதிரை இறங்கிப் பத்து நிமிடத்தில் ஏறிப் போகிறவருக்கானது இல்லை. மத்தியானச் சோற்றுப் பாசலைப் பிரித்து, தின்று, வெயில் தாழும்வரை குளக்கட்டு மருத மரத்தடியில் கிடக்கிறவருக்கானது.

அடுத்தது, வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் பிளாஸ்ரிக் முக்காலி. காலே இல்லாத அதை முக்காலி என்பது சரியில்லை, ஆனால் கடையில் அப்படித்தான் கேட்கிறார்கள். மூடினால் சோற்றுத் தட்டு அளவு வட்டம், தடிப்பு ஒரு சாணுக்கும் குறைவு. இழுத்துத் திருப்பினால் முழு உயரத்துக்கு வரும், ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர். வீட்டுக் கதிரையின் உயரம் அது. ஐந்து செக்கன் வேலை. இதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், ஆனால் மணலில் இது செய்யும் வேலையைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. அடி முழுவதும் வளையம். நுனி இல்லை, அதனால் குத்தாது, புதையாது. மேலே போட்ட கணக்கையே இதற்கும் போடலாம். 25 சென்ரிமீற்றர் விட்டமும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் விளிம்பும் என்றால் நூறு சதுர சென்ரிமீற்றருக்கு மேல் வருகிறது. நான்கு கால் நுனியைவிட ஐந்து மடங்குக்கும் கூட.

ஆனால் அதே மணல்தான் இதற்கு யமன். வளையங்களுக்கு இடையில் பூட்டுப் பற்கள் இருக்கின்றன. மணல் அதற்குள் போனால், திருப்பும்போது நறநறவென்று கேட்கும். ஒரு நாள் பாதி உயரத்தில் இறுகி, மேலேயும் வராது கீழேயும் போகாது. குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டு நிழலில் காயவிட்டால் சரியாகிவிடும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள், மணல் அதில் இன்னும் ஒட்டும். வெயிலும் ஆகாது. நாள் முழுவதும் கரியரில் கட்டி வெயிலில் வைத்தால் பிளாஸ்ரிக்கின் நிறம் வெளுக்கும், பிறகு பற்கள் முறியும். சாய்மானமும் இல்லை. நாரிக்கு மருந்து தேடுகிறவருக்கு இது மருந்தாகாது, முழங்காலுக்கு ஆகும். வண்டியைக் குளக்கட்டில் சாய்த்து நிறுத்தி, அதன் பக்கவாட்டுப் பையில் முதுகைச் சாய்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சைட் ஸ்ராண்ட் கிறவலில் சறுக்கினால் 150 கிலோ வண்டி யார் மேல் விழும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

உண்மையான மூன்று கால் முக்காலியில் ஒரு அழகு இருக்கிறது. எவ்வளவு மேடு பள்ளமான தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே நேரே வேலை செய்கிறது. கிறவல் ஓரத்தில், மர வேருக்கு மேல், பாறையில் இதைப்போல் ஒன்றில்லை. அரைக் கிலோவுக்குள்ளேயே கிடைக்கும், கட்டினால் குடைபோல் ஒடுங்கும். ஆனால் மணலில் மூன்றும் மூன்று கடப்பாரை. இருக்கும் துணியும் முக்கோணம் என்பதால் தொடையின் உள்பக்கம் வெட்டும். சாரம் கட்டியவர்கள் இதில் இருக்கும் விதம் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

போத்தல் பையும் கைப்பிடியும் வைத்த பெரிய மடிப்புக் கதிரை வான்காரருக்கு. மடித்தால் ஒரு மீற்றர் நீளத் தடி. குறுக்கே கட்டினால் வண்டியின் ஹாண்டிலைவிட அகலமாகி எதிரே வரும் பஸ்காரனுக்கு வழி விட முடியாது, நெடுக்கே கட்டினால் நுனி சைலன்சரில் போய் உருகும்.

மரத்தில் செய்தவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆசைக்காகவாவது. அமெரிக்காவின் டென்னசியில் செய்யப்படும் கேர்மிட் கதிரை ஓக் மரமும் அலுமினியமும் துணியும் சேர்ந்தது. தூரப் பயணம் போகும் மோட்டார் சைக்கிள்காரர் நடுவில் அதற்கு ஒரு பக்தர் கூட்டமே உண்டு. எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது இன்னும் பழைய ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இந்தியாவின் ரூர்க்கியில் இருந்த பிரிட்டிஷ் இந்திய இராணுவப் பொறியாளர்களின் கதிரை. கடைந்த நான்கு கால்கள், இடையில் கம்புகள், ஆணியும் இல்லை, பசையும் இல்லை. கூம்பாகச் சீவிய கம்பு முனை காலின் துளைக்குள் சும்மா போய் நிற்கிறது. இருக்கையின் துணியும் வாரும் இழுத்துப் பிடிப்பதால்தான் அது கதிரை. மூட்டுகள் தளர்வாக இருப்பதால் தரை சரிந்திருந்தால் கால்களும் அதற்கேற்பத் திரும்பிக்கொள்கின்றன. நான்கு காலும் ஒரே நேரத்தில் மண்ணைத் தொடும். முள்ளியவளையில் ஒரு தச்சரிடம் படத்தைக் காட்டினேன். "முதிரையில செய்தால் உம்மட பேரப்பிள்ளையும் இருக்கும், ஆனா பைக் எழும்பாது" என்றார். வேறு என்ன மரத்தில் செய்யலாம் என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வெறும் தடுக்கு போதாதா என்றால், பலருக்குப் போதும். பனையோலைத் தடுக்கு ஒன்றைச் சீற்றுக்கு மேல் கட்டிக்கொண்டு போனால் வண்டியிலும் காற்றோட்டம், இறங்கினால் தரையிலும் இருக்கை. மடிக்கும் ஸ்பொஞ் பாயின் சின்னத் துண்டு நூறு கிராம்கூட வராது. தரையில் சப்பாணி கட்டி இருக்க முடிந்த நாரி வாய்த்தவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கோடையில் கட்டெறும்பும் நெருஞ்சி முள்ளும் தரையில் இருப்பவனைத்தான் தேடி வரும். வலை ஊஞ்சல் எனக்குச் சரிவரவில்லை. சரியான இடைவெளியில் இரண்டு மரம் கிடைக்கும் இடத்தில் முசுறு கிடைக்கிறது.

கட்டும் விதத்தைப் பற்றி எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பாரம் பின் சில்லின் அச்சுக்குப் பின்னால் போகப் போக முன் சில்லு இலேசாகும். தார் வீதியில் தெரியாது. மணல் பாதையில் ஹாண்டில் தன் பாட்டுக்கு ஆடும்போது தெரியும். அதனால் தண்ணீர், கூடாரம் போன்ற பாரமானவை ஓட்டுபவரின் முதுகுக்குக் கிட்ட, பதிவாக. இலேசான கதிரை அவற்றுக்குப் பின்னால், குறுக்கே. எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, கதிரைக்கு மட்டும் தனியாக ஒரு வார். வேறு எதையும் அவிழ்க்காமல் அதை உருவி எடுக்க முடிய வேண்டும். எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் எடுக்கவே மாட்டோம், கல்லில் குந்திவிட்டுப் போய்விடுவோம். கொளுக்கி வைத்த இழுவை வார் எனக்குப் பிடிக்காது. கை தவறினால் கண்ணுக்குத்தான் வரும். சைக்கிள் கரியரில் விறகு கட்டிய காலத்தில் இருந்து கைகொடுக்கும் பழைய ரியூப் வார் இருக்கிறது. சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே வெட்டித் தருவார்கள்.

எங்கே விரிப்பது என்பது வன்னியில் தனிப் பாடம். கையில் கதிரை இருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே, அந்த மர நிழலுக்கு என்று கால் இழுக்கும். போகாதீர்கள். 2009க்குப் பிறகு இவ்வளவு காலமாக மிதிவெடி அகற்றும் வேலை நடந்து பெரும்பகுதி நிலம் துப்புரவாகிவிட்டது. முழுவதும் முடிந்தது என்று சொல்வதற்கில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு இடத்தை நம்பக்கூடாது. ஆட்கள் நடந்த தடம், மாடு போன பாதை, வீதியின் கரை, குளக்கட்டு, கோயில் வெளி, இவை போதும். சந்தேகம் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள், தண்ணீரும் தருவார்கள்.

சருகுக்குள் சுருட்டை விரியன் கிடக்கும், அதனால் விரிக்கும் முன் இடத்தைக் காலால் இல்லாமல் தடியால் துழாவ வேண்டும். கதிரைப் பையைத் தரையில் திறந்தபடி போடாமல் ஹாண்டிலில் கொளுவுவதும் அதற்காகத்தான். ஒட்டுசுட்டான் பக்கம் பின்னேரம் ஆகிவிட்டால் யானை வரும் நேரம், இருக்கும் யோசனையே வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் காட்டோரப் பாலை மரத்தின் கீழும் இருக்க வேண்டாம். அந்தப் பழத்துக்கு எங்களைவிடக் கரடிக்கு ஆசை அதிகம்.

எங்கும் விரித்த கதிரையை, போரின் கடைசி நாட்களில் சனம் கடந்து வந்த வட்டுவாகல் பாலத்தடியில் நான் விரித்ததில்லை. அங்கே சாய்ந்து இருக்க உடம்பு விடாது. நின்றுவிட்டுப் போய்விடுவேன். யாருக்கும் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை, அந்த மண்ணில் யாரை விட்டோம் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

இரண்டு பேராகப் போனால் கணக்கு மாறிவிடும். பின்னால் ஆள் இருந்தால் கரியரில் மிஞ்சும் இடம் கையளவு, அங்கே ஒரு கதிரைதான் போகும். அந்த ஒன்றை யாருக்கு ஏற்றதாக வாங்குவது என்றால், எழும்பக் கஷ்டப்படுகிறவருக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னரெல்லாம் மணலிலேயே பாய் விரித்து விடியும்வரை இருந்தவ. கடல் நீரில் எரியும் விளக்கைப் பார்க்காமல் வீடு திரும்பமாட்டா. இப்போது முழங்கால் மடங்காது, மணலில் இருந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். தாழ்ந்த கதிரை அவவுக்கு மணலைவிட மோசம். அந்தப் பிளாஸ்ரிக் வளைய முக்காலியைத்தான் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். சனத்துக்கு நடுவில், மணலில், ஆடாமல் அசையாமல் இருந்தா. பக்கத்தில் இருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் அவவை எழுப்பிவிட்டு முக்காலியை மூடித் திறந்து பார்த்து, எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அது கரியருக்குத் திரும்பவில்லை. குசினி வாசலில் நிற்கிறது. மீன் வெட்ட, கீரை ஆய, வாசலில் இருந்து பக்கத்து வீட்டோடு கதைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். போன கிழமை மன்னாருக்குக் கிளம்பும்போது மெதுவாக எடுத்துப் பார்த்தேன். "அதை வைச்சிட்டுப் போ ராசா, உனக்குத்தான் மற்றக் கதிரை கிடக்கே" என்றா.